வாசகர் கேள்விகள்: காராச்சேவு மடித்த காகிதம்

போன இதழில் கோடை விடுமுறை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அம்புலிமாமா படித்ததைப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். அரசியல் கேட்டவர்களும், சர்க்கரை வியாதிக்குக் கேழ்வரகு நல்லதா என்று கேட்டவர்களும் இந்த முறை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

● நீங்கள் முதன்முதலில் படித்த புத்தகம் எது? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

புத்தகமே இல்லை அம்மா, பொட்டலம். எங்கள் ஊர் சாத்தூர். ஊரில் காராச்சேவுக்குக் குறைச்சல் கிடையாது, அதை மடித்துத் தருகிற பழைய வாரப்பத்திரிகைத் தாளுக்கும் குறைச்சல் கிடையாது. சேவைத் தின்று முடித்த பிறகு காகிதத்தைத் தொடையில் வைத்து நீவி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பேன். எண்ணெய் ஊறிய இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் முன்பக்கத்தில் தெரியும், அதுவும் திரும்பிப்போய்த் தெரியும். கதாநாயகி அழுதுகொண்டே கதவைத் திறப்பாள், அதற்கு நடுவில் பின்பக்கத்துத் தைல விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்துகொண்டதுதான் நான் கற்ற முதல் வாசிப்பு.

தாள் எப்போதும் முக்கியமான இடத்தில்தான் கிழிந்திருக்கும். மீதியைத் தேடிக்கொண்டு கடைக்கே திரும்ப ஓடுவேன். கடைக்காரர் முதல் இரண்டு தடவை விரட்டினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பழைய பேப்பர் கட்டைக் காட்டி, "எடுத்துப் பாரு, ஆனா கலைச்சுப் போட்டேன்னா முதுகு பழுத்துரும்" என்றார். கலைக்காமல் தேடினேன். மீதிக் கதை கிடைத்தது மொத்தமே இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். மற்ற கதைகளுக்கெல்லாம் முடிவை நானேதான் வைத்துக்கொண்டேன்.

● தனியாக உட்கார்ந்து படிப்பீர்களா, இல்லை யாராவது படித்துக் காட்டுவார்களா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

தலைகீழ். நான்தான் படித்துக் காட்டினேன். எங்கள் தெருவில் பாதி வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். மரச்சீவலை மடித்து, நீலத்தாளில் பசை தடவிச் சுற்றி, அடிப்பெட்டி ஒரு பக்கம் மேல்பெட்டி ஒரு பக்கம் என்று குவிந்துகொண்டே போகும். கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பெட்டி ஒட்டினால்தான் ஒன்று. கையும் கண்ணும் பெட்டியில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் எங்கள் அம்மாச்சி என்னைப் பிடித்துப் போட்டாள். தெருவில் ஒரு வீட்டில் வாரப்பத்திரிகை வாங்குவார்கள். அவர்கள் படித்து முடித்ததும் அது எங்கள் திண்ணைக்கு வரும், தொடர்கதையை நான் உரக்கப் படிக்க வேண்டும். ஏழெட்டுப் பெண்கள் கேட்பார்கள். எனக்குச் சம்பளம் ஐந்து பைசா, சில நாள் முறுக்கு.

ஒரு நாள் எனக்குத் தூக்கம் சொக்கியது. இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. பக்கத்தைத் திருப்புகிற மாதிரித் திருப்பி, "வில்லன் கிணற்றில் விழுந்து செத்தான்" என்று நானே ஒரு வரி சேர்த்து முடித்துவிட்டேன். எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி. அடுத்த வாரம் அந்த ஆள் நன்றாகத் தலைவாரிக்கொண்டு ரயிலில் வந்து இறங்குகிறான். நான் படித்துக்கொண்டே போகிறேன். பசைக் கையை அப்படியே நிறுத்தி, "எலேய், போன வாரம் செத்தவன் இந்த வாரம் எப்படிடா ரயில் ஏறுனான்?" என்றாள் அம்மாச்சி. அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் அவளை ஏமாற்ற முடியாது. அன்றைக்கு முறுக்கும் போச்சு.

● அம்புலிமாமாவில் வரும் விக்கிரமாதித்தன் வேதாளம் படத்தை வரைந்தவர் யார்? அந்த ஒரே படத்தையே ஏன் திரும்பத் திரும்பப் போட்டார்கள்? (ஒரு வாசகர், தாராபுரம்)

நீங்கள் தாராபுரத்திலிருந்து கேட்பது பொருத்தம்தான். வரைந்தவர் கே.சி. சிவசங்கரன், 'சங்கர்' என்று கையெழுத்திடுவார், உங்கள் பக்கத்துக்காரர். 1924-இல் பிறந்தவர். 50களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்து, அதிலேயே அரை நூற்றாண்டுக்கு மேல் வரைந்தார். 2020 செப்டம்பரில் காலமானார், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இருக்கும்போது கொடுத்திருக்கலாம்.

படத்தை ஏன் மாற்றவில்லை என்றால், எதற்கு மாற்ற வேண்டும்? உருவிய வாளோடு ராஜா, தோளில் பிணம், சுற்றிலும் மண்டை ஓடு, பாம்பு, இருட்டில் முழிக்கிற கண்கள். அந்தப் பக்கம் வந்ததும் உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டு கதையைப் படிப்பேன், பாதியில் கையை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வேன். மாதா மாதம் அதே படம் என்று தெரிந்தும்தான். மாற்றியிருந்தால் அந்தப் பயம் போயிருக்கும்.

கூடவே ஒன்று. அந்தப் பத்திரிகை 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலுமாகத் தொடங்கியது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்தினார்கள், சினிமா எடுத்த அதே இருவர்தான். ஒரே படத்தை வைத்துக்கொண்டு பல மொழிகளில் அச்சடித்தார்கள். பிற்பாடு வேலைக்காக விஜயவாடா போனபோது, கூட வேலை பார்த்தவரோடு மொழி இடித்தது, ஆனால் வேதாளம் என்றதும் அவரும் தோளைச் சாய்த்துக் காட்டினார். நான் கையால் மூடிய படத்தை அவரும் மூடியிருக்கிறார்.

● பாடப்புத்தகத்துக்குள் காமிக்ஸ் மறைத்துப் படித்ததுண்டா? (ஒரு வாசகர், கரூர்)

யார் இல்லை என்பார்கள்? அதுவும் பக்கத்து ஊர் சிவகாசிக்காரர்கள் போட்ட முத்து காமிக்ஸ். 1972-இல் 'இரும்புக்கை மாயாவி' வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு, அதனால் எனக்குக் கிடைத்தது அண்ணன்மார் கையெல்லாம் மாறி, அட்டை போய், முதல் நாலு பக்கமும் போன பிரதி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். இது இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் வந்த படக்கதை, வரைந்த ஹேசுஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டுக்காரர் என்றெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது எங்களுக்கு மாயாவி ஏதோ விருதுநகர்ப் பக்கத்து ஆள் மாதிரிதான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் கரண்டிக் காம்பை பிளக்கில் விட்டுப் பார்த்தான். மறையவில்லை. நல்லவேளை, அன்றைக்கு எங்கள் ஊரில் கரன்ட்டும் இல்லை.

● எங்கள் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து படித்தோம். இன்றைய பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடக்கிறார்கள். இந்தத் தலைமுறை உருப்படுமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "எல்லாப் பிள்ளைகளும்" என்கிறீர்களே, அந்த எல்லாரும் யார்? என் தெருவில் முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தோம். கதைப் புத்தகம் படித்தது நான், எதிர்வீட்டு அக்கா, முனைவீட்டுப் பையன், மூன்றே பேர். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என் பெஞ்சிலிருந்த இரண்டு பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கே அதுதான் பேர். விடியாத இருட்டில் வண்டி வந்து நிற்கும், தூக்குச்சட்டியோடு சின்னப் பிள்ளைகள் ஏறுவார்கள், பொழுது சாய்ந்து திரும்புவார்கள். அவர்களில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, மாயாவியைக் கதையாகச் சொல்லச் சொல்லிக் கேட்பான். படிக்கத் தெரியாமல் இல்லை, என்னைவிட வேகமாக வாசிப்பான். குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனியெல்லாம் எரியுது, பக்கம் திருப்பக் கஷ்டமாக இருக்குது என்று ஒரு தடவை சொன்னான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1971 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. 2011-இல் நூற்றுக்கு 80 பேர். இதையும் சேர்த்துத்தான் பழைய காலத்தைப் பேச வேண்டும். படித்த மூன்று பேரும் வளர்ந்து பத்திரிகையில் எழுதுகிறோம், அதனால் எல்லாரும் படித்த மாதிரி ஒரு தோற்றம். அவ்வளவுதான் விஷயம். செல்போன் கெடுதலா என்றால் கெடுதல்தான், என்னையே கெடுத்துவிட்டது, அது வேறு கதை.

● என் மாமனார் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. தூசி, பூச்சி. அதே நாவல்கள் கடையில் புதிதாகக் கிடைக்கின்றன. பழையதை எடைக்குப் போட்டுவிடலாமா? (ஒரு வாசகி, மதுரை)

போடாதீர்கள். குறைந்தது, ஒரு நாள் உட்கார்ந்து புரட்டிப் பார்க்காமல் போடாதீர்கள்.

அதை எப்படிச் செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வாரப்பத்திரிகை வீட்டுக்கு வந்து, எல்லாரும் படித்து, இரவல் போய்த் திரும்பி வந்ததும், நடுப் பின்னை நெம்பி எடுத்துவிட்டு, தொடர்கதைத் தாளை மட்டும் உருவி எடுப்பார்கள். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சேரும். எங்கள் அப்பா அதற்கென்று ஒரு சர்க்கரைப் பை வைத்திருந்தார். கதை முடிந்த வாரம் பைண்டிங். வரிசை பார்த்து அடுக்கி, மேலும் கீழும் பலகை வைத்து, மேலே அம்மிக்குழவி. கோணியூசியில் நூலை மெழுகு தடவிக் கோத்துத் தைப்பார். மைதா மாவைக் காய்ச்சும்போதே அதில் துளி மயில்துத்தம் போடுவார், பூச்சி வராதாம். அதைத் தொட்ட கையை வாயில் வைக்கக்கூடாது என்று எங்களை அடுப்படிப் பக்கமே விடமாட்டார். முதுகுக்குக் காலிகோ துணி, அட்டைக்குப் பழைய காலண்டர். எங்கள் வீட்டில் ஒரு சரித்திர நாவலுக்கு அட்டையில் முருகன்.

இதில் சுவாரசியம் கதை இல்லை, கதையின் முதுகுதான். கதை முடியும் பக்கத்தின் பின்னால் என்ன இருந்ததோ அதுவும் சேர்ந்து வந்துவிடும். பாதிச் சமையல் குறிப்பு, தலைப்பில்லாத கட்டுரையின் வால், ஒரு துணுக்கு, சோப்பு விளம்பரம், யாரோ ஒரு மந்திரி திறந்து வைத்த பாலம். புதுப் பதிப்பில் கதை இருக்கும், ஓவியங்கள் இருக்காது. இருந்தாலும் ஒன்றிரண்டு. அந்தப் பாலம் சத்தியமாக இருக்காது. தவிர, உங்கள் மாமனார் ஓரத்தில் ஏதாவது எழுதியிருப்பார். எங்கள் அப்பா ஒரு அத்தியாயத்துக்குக் கீழே, "இந்த வாரம் சுமார்" என்று எழுதி வைத்திருக்கிறார்.

பூச்சிக்கு நல்ல வெயில் ஆகாது, தாளுக்கும் ஆகாது. நிழலில் காற்றாட ஒரு நாள் விரித்து வையுங்கள், மென்மையான தூரிகையால் தட்டுங்கள். பெட்டியில் வேப்பிலை போட்டால் காய்ந்த இலைதான் போட வேண்டும், பச்சை இலை ஈரம் விட்டுத் தாளைக் கெடுக்கும்.

● படுத்துக்கொண்டு படிப்பது தவறா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

தவறுதான். இந்தப் பதிலையே படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

● மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் நினைவிருக்கிறதா? அந்தக் காகித வாசனை? (ஒரு வாசகி, திருச்சி)

வாசனையைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, நான் தபாலைப் பற்றிச் சொல்கிறேன். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரர்கள் கண்காட்சி போடுகிற இடத்தில்தான் அவை கிடைக்கும். கெட்டி அட்டை, வழவழவென்று தாள், விலையோ இங்கே அச்சடித்த ஒல்லிப் புத்தகத்தைவிடக் குறைச்சல், சோவியத் அரசு செலவை ஏற்றுக்கொண்டதால் அந்த விலை. ஏழாவது படிக்கும்போது ஒரு புத்தகம் வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் வாசகருக்கு ஒரு குறிப்பு இருந்தது. மொழிபெயர்ப்பு, அமைப்பு பற்றி உங்கள் கருத்தை எழுதினால் மகிழ்வோம், எங்கள் முகவரி: முன்னேற்றப் பதிப்பகம், 17, சூபோவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ.

என் கருத்தை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. வீட்டில் கேட்க மாட்டார்கள், பள்ளியில் கேட்கவே மாட்டார்கள். மாஸ்கோ கேட்கிறது! இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். கதை நன்றாக இருக்கிறது, பெயர்கள் நீளமாக இருக்கின்றன, ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பதால் குழப்பமாக இருக்கிறது, அடுத்த முறை குறைத்துக்கொள்ளவும். இன்லேண்ட் தாளில் எழுதி ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். தபால் கவுண்டரிலிருந்தவர் முகவரியைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். "தம்பி, இது உள்நாட்டுக் கடுதாசி. மாஸ்கோ போகாது. ஏரோகிராம் வாங்கணும்" என்றார். அதற்குக் காசு இல்லை. கடிதத்தை அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டேன். 1991-இல் அந்த நாடே இல்லாமல் போயிற்று, புத்தகங்களும் நின்றுபோயின. கடிதம் மட்டும் இருக்கிறது. பெயர் பற்றிய என் புகாரில் இன்றும் மாற்றமில்லை.

● என் மகனுக்கு 9 வயது. அலமாரி நிறைய வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றைத் தொடுவதில்லை. என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி, சென்னை)

அலமாரியைப் பூட்டிப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பாதி நிஜம். மேலே எழுதியதையெல்லாம் மறுபடி பார்த்தேன். ஒன்றுகூட எனக்கென்று யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை. பொட்டலம், இரவல், அண்ணன்மார் போட்ட மிச்சம், பெரியவர்களின் தொடர்கதை. எதைப் படித்தாலும் யாரும் "என்ன புரிஞ்சுது, நீதி என்ன?" என்று கேட்டதில்லை. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்கள், ஒவ்வொரு கதையையும் படித்ததும் ஐந்து வரி எழுதச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ஐஸ்கிரீம் தின்றதும் ஐந்து வரி எழுதச் சொன்னால் ஐஸ்கிரீமையும் விட்டுவிடுவான்.

இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, பக்கத்துக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம், அங்கே கால் வைக்காமலே பலர் கட்டுகிறோம். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. அவன் எதை எடுத்தாலும் முகம் சுளிக்கக்கூடாது, கார் படம் போட்ட புத்தகமாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்று ரஷ்யாக்காரர் ரஸ்கின் எழுதிய ஒரு புத்தகம் தமிழில் உண்டு. உடம்புக்கு முடியாமல் கிடந்த மகளுக்கு, தான் சின்னப் பையனாகச் செய்த அசட்டுத்தனங்களை அவர் சொல்லப்போய் உண்டான புத்தகம். பந்தைக் காருக்கு அடியில் உருட்டிவிட்டதிலிருந்து ஆரம்பிக்கும். அதை அவனிடம் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அவர் படித்துவிட்டு, தான் வாங்கிய அடி உதையையெல்லாம் ராத்திரி படுக்கையில் பையனிடம் சொல்லட்டும். மிச்சத்தை அவனே கேட்பான். கேட்காவிட்டாலும் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச ஒரு விஷயமாவது கிடைக்கும்.

● நூலகத்தில் எடுத்துத் திருப்பித் தராத புத்தகம் உண்டா? உண்மையைச் சொல்லவும். (ஒரு வாசகர், விழுப்புரம்)

ஒன்று உண்டு. ஒரு துப்பறியும் நாவல். மழையில் நனைந்து உப்பிப்போய்விட்டது, பயந்துபோய்த் தொலைந்துவிட்டதாகச் சொன்னேன். அப்பா விலையைக் கட்டினார், அப்புறம் எனக்கும் தனியாகக் கட்டினார். ஆக, சட்டப்படி அது என்னுடையதுதான்.

கடைசித் தாளில் ஒட்டிய தேதிச் சீட்டு இன்னும் இருக்கிறது. எனக்கு முன்னால் அதே உறுப்பினர் எண் மூன்று தடவை, 112. எங்கள் ஊர் நூலகத்தில் 70களின் கடைசியில் 112-ஆம் எண் வைத்திருந்தவர் இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு கார்டு போடுங்கள். 64-ஆம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் "டாக்டர் பொய் சொல்கிறான்" என்று எழுதி எனக்குக் கதையையே கெடுத்தது நீங்கள்தானா?